காத்திருக்கும் புரை, காத்திராத புண்

வாலாஜாபாத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஊர்ப்புறத்தில் பரவலாகக் காணும் கண் நோய்களை முன்னதாகவே கண்டுபிடிப்பது எப்படி, கண்டபின் என்ன செய்வது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நோய்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அறிகுறி இது, மருந்து இது என்று பேசிக்கொண்டு போகலாம். ஆனால் நான் நேரத்தை வைத்துப் பேசப் போகிறேன். ஒவ்வொரு கண் நோய்க்கும் ஒரு கெடு உண்டு. சிலவற்றுக்கு அது நிமிடக்கணக்கு; சிலவற்றுக்கு மணிக்கணக்கு; சிலவற்றுக்கு நாள், ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் விவரம் தெரிந்த ஒருவர் கண்ணைப் பார்த்துவிட்டால் பார்வை நிற்கும். தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிய மருத்துவமனையாலும் திருப்பித் தர முடியாது. இதற்கு ஏறக்குறைய விலக்காக நிற்பது கண்புரை ஒன்றுதான். நம் ஊர்ப்புறக் கண் மருத்துவமோ அந்த ஒரு விலக்கை நடுவில் வைத்தே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் என்ன ஆகிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஊரைப் பார்த்துக்கொள்வோம். வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வரும் சாலை இங்கே வந்து சேர்கிறது. சாலையின் ஒரு கோடியில் காரும் லாரியும் டயரும் கண்ணாடியும் செய்யும் தொழிற்சாலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள். இந்தக் கோடியில் தென்னேரி ஏரிப் பாசனத்து நெல் வயல்கள், பாலாற்றங்கரை ஊர்கள், அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிகள். சுற்றிலும் கல் குவாரிகள், கிரஷர்கள். ஒரே வீட்டில் அப்பா வயலில், அம்மா தறியில், மகன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பது இங்கே சாதாரணம். ஆக ஒரே வீட்டுக்குள் நெல் சுணையால் ஒரு கண்ணுக்கும், ஜரிகை இழையைத் தேடித் தேடி ஒரு கண்ணுக்கும், இரும்புத் துகளால் ஒரு கண்ணுக்கும் ஆபத்து வந்து நிற்கிறது.

மருத்துவம் தூரத்தில் இருக்கிறதா என்றால், இல்லை. காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். 1819-இல் தொடங்கிய மருத்துவமனை அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனைக்கு அடுத்தபடி உலகிலேயே பழமையான கண் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. கண் நீர் அழுத்த நோய்க்கு உலகம் முழுவதும் பல காலம் கையாண்ட ஓர் அறுவை முறையை ராபர்ட் எலியட் என்ற மருத்துவர் 1909 வாக்கில் அங்கேதான் செய்து காட்டினார். இன்னும் பின்னே போனால், தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையில் புரை சிகிச்சை செய்வித்து, நோயாளியின் கண்ணைப் படமாக வரையச் செய்து, விவரத்தையும் எழுதிவைத்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இருநூறு ஆண்டுக் கண் மருத்துவ மரபு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மாவட்டம் நம்முடையது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த செய்தியைக் கேளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் சங்கர நேத்ராலயா மருத்துவமனையினர் சென்னை நீர் அழுத்த நோய் ஆய்வு என்ற பெயரில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். அதன் கிராமப் பகுதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அடுத்தடுத்து இருக்கும் 27 ஊர்களை. 40 வயது தாண்டிய ஏறத்தாழ 3,900 பேரின் கண்ணைப் பார்த்தார்கள். அவர்களில் 64 பேருக்குத் திறந்தகோண நீர் அழுத்த நோய் உறுதியானது. இந்த 64 பேரில் தமக்கு நோய் இருப்பது முன்பே தெரிந்திருந்தவர் ஒரே ஒருவர். மற்ற 63 பேரும் பார்வை நரம்பு பட்டுக்கொண்டே வருவது தெரியாமல் வயலுக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். நம் மாவட்டத்து ஊர்களும் சேர்ந்த கணக்கு இது. நூறு பேரில் ஒன்றரைப் பேருக்குச் சற்று மேல் என்ற அந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால், 40 தாண்டியவர்கள் ஆயிரம் பேர் இருக்கும் ஓர் ஊராட்சியில் பதினாறு பேர் வரை இப்படி இருக்கலாம். அந்தப் பதினாறு பேர் யார் என்று நமக்குத் தெரியுமா?

இந்த நிலைக்கு ஏன் வந்தோம் என்பதைப் புரிந்துகொள்ளப் புரையின் கதையைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1976-இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. அதே ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தவர் அவர். 1978-இல் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நாட்டில் பார்வையிழந்தவர்களில் பெரும்பாலோர் புரையால் இழந்தவர்கள். புரைக்கு மருந்து கிடையாது, அறுவை உண்டு. அறுவை செய்தால் பார்வை வந்துவிடும். ஆகவே ஊர் ஊராகப் போய்ப் புரை முற்றியவர்களைத் திரட்டி அழைத்துவந்து அறுவை செய்யும் கண் சிகிச்சை முகாம் என்ற முறை வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில், கல்யாண மண்டபத்தில், கோயில் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம். சாயங்காலம் வேனில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை முடித்து, கண்ணில் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். 1992-இல் மதுரையில் ஆரோலாப் நிறுவனம் கண்ணுக்குள் வைக்கும் லென்சைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியதும், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி போய், ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. முகாம்களால் பார்வை பெற்றவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

புரைக்கு இந்த முறை பொருந்தியதற்குக் காரணம், புரை காத்திருக்கும். இந்த மாத முகாமை விட்டால் அடுத்த மாத முகாம். இந்த ஆண்டு அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாலும் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். மிகவும் முற்றவிட்டால் புரையே வீங்கி அழுத்தத்தை ஏற்றிக் கண்ணைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் தள்ளுவது நல்லதல்ல. 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கிலும் 50 வயது தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு காரணம் புரையே. ஆகவே புரை வேலை இன்னும் முடியவில்லை.

ஆனால் முகாமுக்கு யார் வருகிறார்கள்? தமிழ்நாட்டு ஊர்களில் எடுத்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணில் குறை உள்ளவர்களில் தம் ஊர்ப்பக்கம் நடந்த முகாமுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் என்று அது காட்டியது. இலவசமாக அறுவை செய்கிறோம், வண்டி வைத்து அழைத்துப் போகிறோம் என்று சொல்லியும் வராதவர்கள் நூற்றுக்கு 93 பேர்! ஏன் வரவில்லை என்று கேட்டால் நீங்களும் நானும் கேட்டுக் கேட்டுப் பழகிய பதில்கள்தாம் வரும். கூட வர ஆள் இல்லை. மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. கூலி போய்விடும். "எனக்கு இந்த வயசுக்கு இந்தப் பார்வை போதும்பா." இந்தக் கடைசிப் பதிலைச் சொல்பவர் அநேகமாக ஒரு பெண்மணியாகத்தான் இருப்பார்.

புரைக்காக வளர்ந்த முகாமுக்கே நூற்றுக்கு 93 பேர் வரவில்லை. அப்படியானால் முகாம் நாள்வரை காத்திராத நோய்களின் கதி என்ன?

கருவிழிப் புண்ணைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதை நம் ஊர்களில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். கதிர் அடிக்கும்போது நெல் சுணை கண்ணில் படுகிறது. கரும்புத் தோகை கீறுகிறது. பால் கறக்கும்போது மாடு வாலை வீசிக் கண்ணில் அடிக்கிறது. கேட்கச் சிறியதாக இருக்கும், ஆனால் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். கருவிழியின் மேல்தோல் மட்டும் உரிந்திருக்கும். அதுவரை அது வெறும் கீறல். கிருமி உள்ளே இறங்கினால் புண். நம் வெப்பத்திலும் வயல்வேலையிலும் பாக்டீரியாவுக்குச் சமமாகப் பூஞ்சைக் கிருமியும் இறங்கும். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வயல்மண்ணிலும் பயிரிலும் வாழ்வது. கருவிழிக்குள் போனால் அதை விரட்டப் பல வாரம் ஆகும். மதுரை மாவட்டத்தில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகச் சொன்னது. பெரும்பாலும் உழைக்கும் வயதில் இருப்பவர்கள். குணமானாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். அதற்குமேல் கருவிழி மாற்று அறுவைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதன் கெடு எவ்வளவு? நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஊர்களிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கருவிழிக் கீறலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சிறு தாளில் இருக்கும் ஆரஞ்சுச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல நிற டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். பச்சை தெரிந்தால் ஒரு விழுக்காடு குளோரம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று வேளையாக மூன்று நாள் போட வேண்டும். அவ்வளவே மருத்துவம். கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் இப்படி மருந்து போட்ட ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. மதுரைப் பக்கத்து ஊராட்சிகளிலும் இதே வழியைப் பின்னர் செய்து பார்த்தார்கள். காலையில் நெல் சுணை பட்டவருக்கு அன்று இரவுக்குள் களிம்பு கிடைத்தால் கண் தப்பிவிடும். சாயத்தாள், நீல டார்ச், களிம்பு ஆகிய மூன்றும் ஒரு கைப்பையில் அடங்கும்.

நடப்பது வேறு. நாக்கால் தூசி எடுத்துவிடும் பாட்டியிடம் போகிறார்கள். அந்தப் பாட்டியின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை; வாயிலிருக்கும் கிருமி உரிந்த கருவிழிக்குள் இறங்கிவிடும் என்பதே என் கவலை. தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், நந்தியாவட்டைச் சாறு பிழிகிறார்கள். இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது மருந்துக் கடைச் சொட்டு மருந்து. கண் சிவந்திருக்கிறது என்று சொன்னதும் கையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் நாள் சிவப்பு அடங்கும், வலி குறையும், எல்லாருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். பூஞ்சை உள்ளே இறங்கியிருந்தால் அந்த மருந்து அதற்கு உரமாகிவிடும். என்னிடம் வந்த ஒரு பட்டறைத் தொழிலாளித் தம்பிக்கு இருபது வயது இருக்கும். கிரைண்டிங் செய்யும்போது துகள் பட்டது. மேற்பார்வையாளர் கைக்குட்டையை ஊதிச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரச் சொன்னார். அன்று இரவு கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வந்த பின்புதான் மருத்துவமனைக்கு வர முடிந்தது. கருவிழியின் நடுவில் சாம்பல் நிறப் புண், அதன் கீழே சீழ் தேங்கியிருந்தது. பூஞ்சைக்கான நேட்டாமைசின் சொட்டு மருந்து பல வாரம் போட்டுக் கண்ணைக் காப்பாற்றினோம். அந்தக் கண்ணின் பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்ட வேண்டும் என்று இருந்த பிள்ளை.

பட்டறை, தொழிற்சாலைக் காயங்களுக்கு வருகிறேன். கண்ணுக்குக் காப்பு கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 35-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. பெரிய ஆலைகளின் உள்ளே காப்புக் கண்ணாடி போடாமல் நுழைய முடியாது. மூன்றாம் நான்காம் நிலையில் உதிரிபாகம் செய்யும் கொட்டகைகளில்தான் சிக்கல். கண்ணாடி கொடுத்திருப்பார்கள், வேர்வையில் அது மங்கிவிடும், கீறல் விழுந்து மறைக்கும், ஆகவே நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். இதை ஒழுங்கின்மை என்று திட்டுவதில் பயனில்லை. காற்று போகும் கண்ணாடியாக வாங்கிக் கொடுத்து, கீறல் விழுந்ததை உடனே மாற்றிக் கொடுத்தால் போடுவார்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் நள்ளிரவில் மணல் கொட்டியதுபோல் எரியும். ஓரிரு நாளில் ஆறிவிடும். பயப்பட வேண்டாம், கண்ட சொட்டு மருந்தும் வேண்டாம்.

எல்லாவற்றிலும் குறுகிய கெடு உள்ளது காரம் பட்ட கண். ஆலையின் ரசாயனம் மட்டும் என்று நினைக்காதீர்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி விளையாடும், அது வெடித்துக் கண்ணில் பீய்ச்சும். சுண்ணாம்பு கருவிழியை அரித்துக்கொண்டே உள்ளே போகும். அந்தக் கணமே, பக்கத்திலிருக்கும் குழாய்த் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோ எதுவானாலும், இமையைப் பிரித்துப் பிடித்து அரை மணி நேரம் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டோ, மருத்துவமனை எல்லாம். இதை இங்கிருக்கும் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு ஷிப்டு மேற்பார்வையாளரும் அறிந்திருக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன், இதற்கே தனிச் சொற்பொழிவு வேண்டும் என்றாலும். குறைமாதத்தில், 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தையின் விழித்திரையை 30 நாளைக்குள் பார்த்துவிட வேண்டும். மிகச் சிறிய குழந்தையானால் அதற்கும் முன்னே. தாய் வீட்டில் படுத்திருக்கும் அந்த ஒரு மாதத்தில் குழந்தையை வெளியே தூக்கிப் போகக் கூடாது என்னும் வழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அன்றே வாருங்கள். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்; ஏழெட்டு வயதைத் தாண்டினால் அந்தக் கண்ணுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது கடினம். 2009-இல் தமிழ்நாடு அரசு கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கத் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடுத்த கண்ணாடியைப் பிள்ளை போடுகிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். 'நாலு கண்ணு' என்ற கேலிக்குப் பயந்து பையிலேயே கிடக்கும். கோடையில் கண் அரித்துக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கடைச் சொட்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் போட்டு, அதிலுள்ள ஸ்டீராய்டால் நீர் அழுத்தம் ஏறிப் பள்ளி வயதிலேயே பார்வை போன பிள்ளைகளும் உண்டு.

இனி ஓசையில்லாமல் வரும் இரண்டு நோய்கள். ஒன்று, நான் முன்னே சொன்ன நீர் அழுத்த நோய். வலி கிடையாது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கும், ஓரப்பார்வை சுருங்கிக்கொண்டே வரும். வாசற்படியில் இடறுவார், பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். போன பார்வை போனதுதான். இருப்பதை மருந்தால் நிறுத்திவைக்கலாம். இதன் இன்னொரு வகை திடீரென வரும். கண் சிவந்து, ஒரு பக்கத் தலைவலியும் வாந்தியுமாக வரும். பித்தம் என்று எலுமிச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தால் கெடு ஓடிவிடும். அன்றே பார்த்தால் மருந்தும் லேசரும் காப்பாற்றும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஒருவருக்குக் கண்டுபிடித்ததும் அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரையும் கூப்பிட்டுப் பார்ப்பது ஊர் முழுவதையும் சோதிப்பதைவிட எளிது, பலனும் உறுதி.

மற்றொன்று சர்க்கரை நோய் விழித்திரைக்குச் செய்யும் கேடு. காஞ்சிபுரம், திருவள்ளூர் ஊர்ப்புறங்களில் சங்கர நேத்ராலயா செய்த மற்றோர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க முகாமுக்கு வரச் சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பார்வை நன்றாகத்தான் தெரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்ப்பதே வழி. இதை நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் சூணாம்பேட்டில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2006-இல் தொடங்கிய திட்டத்தில் 42 ஊர்களுக்கு ஒரு வேன் போனது. விழித்திரைப் படக் கருவி அதற்குள்ளேயே இருந்தது. இஸ்ரோ அமைத்துக் கொடுத்த செயற்கைக்கோள் இணைப்பின் வழியாகப் படம் சென்னைக்குப் போகும், மருத்துவர் அங்கிருந்து பார்த்துச் சொல்வார். வயது வந்தோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், 23,000-க்கும் அதிகமானோர், சர்க்கரைச் சோதனைக்கு வந்தார்கள். முகாமுக்கு வந்த 7 விழுக்காட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வகையான கணக்கல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டு வாசலுக்குப் போய், ஊர்க்காரர்களையே பணியாளராக வைத்துச் செய்யும் வேலைக்கு மக்கள் வருவார்கள் என்பதை அது காட்டியது.

நெசவாளர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்கு வரும் குறைக்கு நோய் என்று பெயர் சொல்வதுகூடத் தப்பு. நாற்பது வயதில் எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து. மற்றவர்கள் செய்தித்தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சமாளிப்பார்கள். தறியில் பாவைத் தள்ளிவைக்க முடியாது. அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடவும், கோர்வையில் கரையும் உடலும் சேரும் இடத்தைப் பார்க்கவும் கண் வேண்டும். கண் போதவில்லை என்று சொன்னால் வேலை குறைந்துவிடும் என்ற பயத்தில் சொல்லாமல், மகளை உட்காரவைத்து இழை தேடச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 தாண்டிய தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஒரு சோதனை நடந்து, 2018-இல் முடிவு வெளிவந்தது. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். தேயிலை பறிக்கவே இவ்வளவு என்றால் பட்டு நெய்ய எவ்வளவு! ஆனால் கடையில் கிடைக்கும் படிக்கும் கண்ணாடி உங்களுக்குச் சரிவராது. அது புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குச் செய்தது. தறியில் கண்ணுக்கும் பாவுக்கும் இருக்கும் தூரம் அதைவிட அதிகம். ஆகவே கண்ணாடி எழுதுபவர் தறிக்கே வந்து, நீங்கள் உட்காரும் இடத்தில் அளந்து எழுத வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்யலாம். ஒரு சேலையின் விலையோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை.

காத்திராத நோய்களுக்கு வேண்டியது, வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்கும் ஓர் இடம். அரவிந்த் மருத்துவமனை இதை உணர்ந்துதான் 2004 வாக்கிலிருந்து பார்வை மையங்களைத் திறந்துகொண்டு போனது. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்துகிறார்கள். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு ஸ்லிட் லேம்ப், ஒரு படக் கருவி, மருத்துவரோடு பேச இணையம். ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சுற்றுவட்டத்துக்கு ஒரு மையம். நம் ஒன்றியத்துக்கு இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் பணியிடம் என்ற ஒன்று ஏற்கெனவே உண்டு. அந்த இருக்கை காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதே பாதி வேலை.

மற்ற பாதிக்குப் புதிதாக ஆளைத் தேட வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் தன்னார்வலர் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார். மாத்திரை கொடுக்கும்போது, கண்ணைப் படம் எடுத்து ஓர் ஆண்டு ஆகிவிட்டதா என்று கேட்டு, அந்த அட்டையிலேயே தேதியைக் குறிக்கட்டும். அதே பையில் சாயத்தாளும் நீல டார்ச்சும் களிம்பும் வைக்க முறையான பயிற்சியும் அனுமதியும் சுகாதாரத் துறை கொடுக்கட்டும். ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிவரும் பேருந்துகள் நின்று கிளம்பும் இடங்களில் மாதம் ஒருநாள் கண் சோதனை நடக்கட்டும். அவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், நம் மருத்துவமனைப் பலகையை வாசிக்கத் தெரியாதவர்கள், ஆகவே இந்தி தெரிந்த ஒருவர் உடன் இருக்கட்டும். காயம்பட்ட நாளின் கூலியைப் பிடிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புவதைப் பெரிய ஆலைகள் தங்கள் உதிரிபாக ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதலாம். தரத்துக்கு எத்தனையோ நிபந்தனை எழுதுகிறவர்கள் இதையும் எழுத முடியும்.

இந்த அறக்கட்டளையினர் என்ன செய்யலாம் என்று கூட்டத்துக்கு முன் என்னைக் கேட்டார்கள். முகாம் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு காரியம் கேட்டேன். அறுவை வேண்டும், லேசர் வேண்டும் என்று எழுதிக்கொடுத்த பின்பும் காஞ்சிபுரத்துக்கோ எழும்பூருக்கோ போகாமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். சிகிச்சை இலவசம், படுக்கை இலவசம். கூட வருபவரின் ஒரு நாள் கூலிதான் யாரும் கொடுக்காத செலவு. அந்தக் கூலியை இந்த அறக்கட்டளை கொடுக்கட்டும். மகனுக்கோ மருமகளுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ, யார் கூட்டிப்போகிறார்களோ அவர் கையில் கொடுக்கட்டும். பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் எத்தனை பேர் போய்வந்தார்கள், எத்தனை பேர் இன்னும் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது தெரிந்துவிடும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாளர் அந்த நோட்டை எடுத்துவந்து இந்த மேடையில் வாசிக்கட்டும்.